தலைக்காயத்துக்குப் பின் மாறிப்போன நான்கு வயது மகன்: பெற்றோருக்கும் சேர்த்துப் பயிற்சி தரும் நடத்தைச் சிகிச்சை பயன்படுமா?

கேள்வி (ஒரு தாய்)

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு இப்போது நான்கரை வயது. பத்து மாதங்களுக்கு முன் மாடிப்படியிலிருந்து தவறி விழுந்ததில் தலையில் பலமாக அடிபட்டது. மருத்துவமனையில் சேர்த்தபோது, சுயநினைவு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கிளாஸ்கோ கோமா அளவு 10 என்று குறித்தார்கள். 9 முதல் 12 வரை இருந்தால் நடுத்தரக் காயம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஸ்கேனில் மூளையின் முன்மடலில் இரத்தக்கட்டு தெரிந்தது. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. ஐ.சி.யூ.வில் ஆறு நாள், வார்டில் இரண்டு வாரம் இருந்துவிட்டு வீடு திரும்பினோம். அடுத்த இரண்டு மாதங்களில் நடை, பேச்சு, கை வேலை எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட்டன. பார்க்கிறவர்கள் எல்லோரும் பிள்ளை முழுவதும் குணமாகிவிட்டான் என்றே சொல்கிறார்கள்.

வீட்டில் இருக்கும் எங்களுக்குத்தான் தெரியும், அவன் குணம் எவ்வளவு மாறிவிட்டது என்று. முன்பெல்லாம் விளையாட்டுப் பொருளை எடுத்து வைத்துவிட்டால் முகம் சுருங்கும், சிறிது நேரம் அழுவான், அத்துடன் முடிந்துவிடும். இப்போது "போதும்" என்ற சொல் காதில் விழுந்த மறுநொடியே கையில் இருப்பதை வீசி எறிகிறான், அருகில் இருப்பவரைக் கடிக்கிறான், தலையைத் தரையில் மோதப் போகிறான். அடிபட்ட அதே தலை என்பதால் எனக்கு உயிரே போய்விடுகிறது. சென்ற வாரம் கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தான். ஆறாவது கட்டை சரிந்ததும் எல்லாவற்றையும் காலால் உதைத்துத் தள்ளினான், பிடிக்கப் போன என் கையைக் கடித்தான். ஐந்து நிமிடம் கழித்து என் மடியில் வந்து படுத்துக்கொண்டு, கையில் இருந்த பல் தடத்தைத் தடவிப் பார்த்து, "அம்மா, இது யாரு கடிச்சது?" என்று கேட்டான். அவன் நடிக்கவில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

வலிப்பு வராமல் இருக்க லெவெடிராசெட்டாம் மருந்து கொடுத்து வருகிறோம். எங்கள் நரம்பியல் மருத்துவர், பெற்றோர்–குழந்தை ஊடாட்டச் சிகிச்சை என்ற ஒன்றைப் பரிந்துரைத்திருக்கிறார். பி.சி.ஐ.டி. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். அதில் குழந்தையை விடப் பெற்றோருக்குத்தான் பயிற்சி அதிகம் என்று கேள்விப்பட்டேன். அடிபட்டது மகனின் மூளையில். அப்படியிருக்க எங்களுக்கு எதற்குப் பயிற்சி, நாங்கள் வளர்த்த விதத்தில்தான் குறை என்று நினைக்கிறார்களா என்று மனம் வருந்துகிறது. இரண்டாவதாக, சொன்னதைச் செய்யாவிட்டால் நாற்காலியில் தனியாக உட்கார வைக்கும் முறையும் அதில் உண்டாமே. தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள உதவும் முன்மடலே பழுதான பிள்ளையிடம் அதைச் செய்வது நியாயமா? இந்தச் சிகிச்சைக்குப் போய் வந்தவர்கள், இந்தத் துறையில் பணியாற்றுகிறவர்கள் யாராவது விளக்கினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 (ஒரு தந்தை)

சகோதரி, நீங்கள் கேட்ட முதல் கேள்வியை நானும் ஒரு காலத்தில், கொஞ்சம் கோபமாகவே, கேட்டவன். என் மகளுக்கு மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, அதன் விளைவாக மூளையில் நிலையான பாதிப்பு ஏற்பட்டது. ஐந்து வயதில் இந்தச் சிகிச்சைக்குப் போனோம். முதல் நாள் சிகிச்சையாளர் சொன்ன விளக்கம்தான் என்னை அங்கே உட்கார வைத்தது. மற்றப் பிள்ளைகளுக்குச் சாதாரண வளர்ப்பே போதும். உங்கள் மகளின் மூளைக்கு அதைவிடத் தெளிவான, அதைவிட உடனடியான பதில் தேவைப்படுகிறது. வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் அவளைப் பார்க்கிற என்னால் அதைக் கொடுக்க முடியாது, நாள் முழுவதும் உடனிருக்கும் உங்களால்தான் முடியும் என்றார். கால் முறிந்த பிள்ளைக்கு வீட்டில் எப்படிப் பயிற்சி தர வேண்டும் என்று இயன்முறை மருத்துவர் நமக்குச் சொல்லித் தருகிறாரே, அதனால் காலை முறித்தவர் நாம் என்று ஆகிவிடுமா?

நடைமுறையில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். ஓர் அறையில் சில விளையாட்டுப் பொருள்களுடன் நீங்களும் குழந்தையும் மட்டும் இருப்பீர்கள். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கக்கூடிய கண்ணாடிக்குப் பின்னால் சிகிச்சையாளர் அமர்ந்திருப்பார். உங்கள் காதில் சிறிய இயர்போன் இருக்கும். அதன் வழியாக அவர் அவ்வப்போது மெல்லச் சொல்லிக்கொடுப்பார். முதல் கட்டத்தில் விளையாட்டைக் குழந்தைதான் நடத்தும், நாம் பின்தொடர வேண்டும். அது செய்கிற நல்ல செயலைப் பெயர் சொல்லிப் பாராட்ட வேண்டும், அது பேசியதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அது செய்வதைப் போலச் செய்ய வேண்டும், செய்துகொண்டிருப்பதை வர்ணிக்க வேண்டும், மகிழ்ச்சியை முகத்தில் காட்ட வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது, ஏவக் கூடாது, குறை சொல்லக் கூடாது. கேட்பதற்கு மிக எளிதாகத் தோன்றும். முதல் ஐந்து நிமிடத்தில் நான் இருபத்தேழு கேள்விகள் கேட்டிருந்தேன்.

நம் மொழியில் இதற்கென்றே ஒரு சிக்கல் இருப்பதை அப்போதுதான் உணர்ந்தேன். மகள் "சிவப்புக் காரு" என்றால் நானும் "சிவப்புக் காரு" என்று திருப்பிச் சொன்னால் போதும். என் வாயிலோ ஒவ்வொரு முறையும் "சிவப்புக் காரா?" என்றே வந்தது. அந்த ஒற்றை 'ஆ' சேர்ந்ததும் அது கேள்வியாகிவிடுகிறது. குழந்தை பதில் தேட வேண்டியிருக்கிறது. களைத்துப் போன மூளைக்கு அதுவும் ஒரு வேலைதான். பாராட்டும் அப்படியே. "சமத்து", "வெரி குட்" என்று நாள் முழுவதும் சொன்னாலும், எதைச் செய்ததற்காக என்று அவளுக்குத் தெரியாது. "காரை எனக்குக் குடுத்தியே, பங்கு போட்டு விளையாடுறது எனக்குப் பிடிச்சிருக்கு" என்று சொல்லப் பழக எனக்கு ஐந்து வாரங்கள் ஆயின. பாராட்டு, திருப்பிச் சொல்லுதல், வர்ணித்தல் ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்தில் பத்து முறை வர வேண்டும், கேள்வி, ஏவல், குறை மூன்றும் சேர்ந்து மூன்றுக்கு மேல் போகக் கூடாது என்பது அடுத்த கட்டத்துக்குப் போவதற்கான அளவு. அங்கே கற்றதை வீட்டில் தினமும் ஐந்து நிமிடம் செய்தோம்.

மகள் குணமாகிவிட்டாள் என்று சொல்லமாட்டேன். கோபம் இன்றும் வருகிறது. ஆனால் முன்பு நாற்பது நிமிடம் நீடித்தது இப்போது பத்து நிமிடத்தில் அடங்குகிறது, அடங்கியதும் என்னைத் தேடி வருகிறாள்.

மறுமொழி 2 (குழந்தைகளுக்கான மருத்துவ உளவியலாளர்)

அம்மா, சிகிச்சையைப் பற்றிப் பேசுவதற்கு முன் இரண்டு செய்திகளை உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் அவசியம் சொல்லிவிடுங்கள். முதலாவது, கடித்தது யார் என்று அவனே கேட்டது. காயத்துக்குப் பின் வரும் நினைவுத் தடுமாற்றமாகவோ, கோபத்தின் உச்சத்தில் கவனம் சிதறியதாகவோ இருக்கலாம்; ஆயினும் வலிப்பின் ஒரு வகையில் தான் செய்தது தனக்கே நினைவிருக்காது என்பதால், அதை இல்லை என்று உறுதிசெய்துகொள்வது நல்லது. அடுத்த முறை நடக்கும்போது, அவன் பாதுகாப்பாக இருக்கிறான் என்றால், யாராவது கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். ஒரு நிமிடக் காட்சி மருத்துவருக்குப் பத்து நிமிட விளக்கத்தைவிட அதிகம் சொல்லும். இரண்டாவது, லெவெடிராசெட்டாம் எடுத்துக்கொள்ளும் சில குழந்தைகளுக்கு எரிச்சலும் மூர்க்கமும் கூடுவது நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. சினம் கூடியது மருந்து தொடங்கிய பிறகா என்று நாள்காட்டியைப் பார்த்துச் சொல்லுங்கள். நீங்களாக மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு வரும் ஆபத்து உண்டு. இவற்றோடு தூக்கம், தலைவலி, பார்வை, செவித்திறன் ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். வலியால் அழும் குழந்தையின் நடத்தையைத் திருத்த முயல்வது அந்தக் குழந்தைக்கு இழைக்கும் அநீதி.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பி.சி.ஐ.டி. முறையை 1970களில் அமெரிக்க உளவியலாளர் ஷீலா ஐபெர்க் உருவாக்கினார். மூளைக்காயம் பட்ட பிள்ளைகளுக்காக அது உருவாக்கப்படவில்லை. இரண்டு முதல் ஏழு வயது வரையுள்ள, கட்டுக்கடங்காத நடத்தையுள்ள பிள்ளைகளுக்காக உருவானது. பின்னர்தான் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையின் ஷாரி வேட் குழுவினர் அதன் அடிப்படையில், தலைக்காயம் பட்ட மூன்று முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளின் குடும்பங்களுக்கென்று 'ஐ-இன்டராக்ட்' என்ற இணையவழிப் பயிற்சியை அமைத்தார்கள். பெற்றோர் பாடங்களைத் தாங்களே படித்துவிட்டு, வீட்டில் குழந்தையோடு விளையாடும்போது காணொளி வழியாகச் சிகிச்சையாளரின் வழிகாட்டலைப் பெறுவது அதன் அமைப்பு. காயத்துக்குப் பின் மூளையில் நடப்பது என்ன, பெற்றோர் தங்கள் மன அழுத்தத்தை எப்படிக் கையாள்வது என்ற பாடங்களும் அதில் சேர்ந்திருக்கின்றன. டொராண்டோவின் சிக்கிட்ஸ் மருத்துவமனையில் அதே முறையை, பிறந்த வேளையிலேயே பக்கவாதம் கண்ட குழந்தைகள் போன்றோருக்கும் விரிவாக்கினார்கள்.

பெற்றோருக்கு ஏன் பயிற்சி என்பதற்கு முன்னவர் அழகாக விடை சொல்லிவிட்டார். நான் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இந்தக் காயங்களில் பாதிப்பு குழந்தையிடமிருந்து பெற்றோருக்கும், பெற்றோரிடமிருந்து குழந்தைக்கும் சென்று வருகிறது. பிள்ளையை இழக்கப் பார்த்த பெற்றோர், அவன் மறுபடி அழுதுவிடக் கூடாதே என்று எல்லாவற்றுக்கும் இணங்குவார்கள். களைத்துப் போன நாளில் உரக்கக் கத்திவிடுவார்கள். பிறகு குற்ற உணர்வில் மீண்டும் இணங்குவார்கள். இதில் யாருடைய குணத்திலும் குறையில்லை, அச்சமும் சோர்வும்தான் காரணம். ஆனால் ஒரே செயலுக்கு இன்று ஒரு பதிலும் நாளை ஒரு பதிலும் கிடைத்தால், அடிபடாத மூளைக்கே குழப்பம் ஏற்படும்.

சிறு வயதில் அடிபட்டால் மூளை தானாகச் சரியாகிவிடும் என்று உங்களிடமும் பலர் சொல்லியிருப்பார்கள். 1930களில் மார்கரெட் கென்னார்ட் குரங்குக் குட்டிகளிடம் செய்த ஆய்வுகளிலிருந்து அந்த நம்பிக்கை வலுப்பெற்றது. அசைவுத் திறனில் அது ஓரளவு உண்மை. உங்கள் மகன் இரண்டு மாதத்தில் ஓடி விளையாடத் தொடங்கியதே அதற்குச் சான்று. ஆனால் கவனம், பொறுமை, சினத்தை அடக்குதல் ஆகியவற்றுக்குரிய முன்மடல் இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கும் பகுதி. அடித்தளம் போடும் பருவத்தில் அடிபட்டால், அதன் மேல் கட்ட வேண்டியவை கட்டப்படும் காலம் வரும்போதுதான் சில குறைகள் வெளியே தெரியும். இதை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. தானாகச் சரியாகும் என்று காத்திருக்காமல் இப்போதே தொடங்கியது நல்லது என்பதற்காகச் சொல்கிறேன்.

நாற்காலியைப் பற்றிய உங்கள் ஐயம் மிகச் சரியானது. வழக்கமான முறையின் இரண்டாம் கட்டத்தில், கட்டளையிட்ட பின் ஐந்து வினாடி காத்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் ஒரு முறை எச்சரிக்கை. அதற்கும் செய்யாவிட்டால் மூன்று நிமிடம் நாற்காலி, முடிவில் ஐந்து வினாடி அமைதி. முன்மடல் பாதித்த பிள்ளைக்கு இதை அப்படியே பயன்படுத்தினால் இரண்டு இடங்களில் இடறும். ஒன்று, கேட்டதைப் புரிந்துகொண்டு செயலைத் தொடங்கவே அவனுக்கு ஐந்து வினாடிக்கு மேல் ஆகலாம். அவன் மீறவில்லை, இன்னும் தொடங்கவே இல்லை. அதைக் கீழ்ப்படியாமை என்று எண்ணித் தண்டிப்பது தவறு. மற்றொன்று, செய்ததையும் அதனால் வந்ததையும் இணைத்துப் பாடம் கற்கும் திறனே முன்மடல் பாதிப்பில் குறைந்துபோகக்கூடும். அத்தகைய பிள்ளை எத்தனை முறை நாற்காலியில் உட்கார்ந்தாலும் அடுத்த முறையும் அதையே செய்வான். ஆகவே, இத்தகைய குழந்தைகளிடம் நான் முதல் கட்டத்தை நீட்டுகிறேன், கட்டளைக்குப் பின் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுகிறேன், நாற்காலியைப் பெரும்பாலும் தவிர்க்கிறேன் அல்லது மிகக் குறுகிய காலத்துக்கு, பெற்றோர் அருகிலேயே இருக்கும்படி மாற்றுகிறேன். கட்டளையும் ஒரு நேரத்தில் ஒன்றாகவே இருக்க வேண்டும். "செருப்பைப் போட்டுக்கிட்டு, பையை எடுத்துக்கிட்டு, கதவுகிட்ட வா" என்பது மூன்று கட்டளைகள். "செருப்பைப் போட்டுக்கலாமா?" என்பதோ கட்டளையே அல்ல, வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு நாமே கொடுத்த வாய்ப்பு. "செருப்பைப் போடு" என்று அமைதியான குரலில், அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.

சிணுங்கல், கத்தல் போன்றவற்றைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்வார்கள். அப்படி விடத் தொடங்கியதும் முதல் சில நாள்கள் அவை கூடும், அதன் பிறகே குறையும். பல பெற்றோர் அந்தச் சில நாள்களிலேயே மனம் தளர்ந்து, சிகிச்சை பலிக்கவில்லை என்று நின்றுவிடுகிறார்கள். ஆனால் தலையை மோதுவதையும் கடிப்பதையும் ஒருபோதும் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது. அதிகம் பேசாமல், முகத்தில் கோபம் காட்டாமல், கையை அவன் தலைக்கும் தரைக்கும் இடையே வைத்துத் தடுங்கள்.

மறுமொழி 3 (மற்றொரு தாய்)

உளவியலாளர் ஐயா சொன்னதை என் அனுபவம் அப்படியே உறுதிப்படுத்துகிறது என்பதால் எழுதுகிறேன். நாங்கள் முதலில் சென்ற இடத்தில் மூளைக்காயத்தைப் பற்றி எதுவும் கேட்காமல், எல்லாக் குழந்தைகளுக்கும் செய்வதையே என் மகனுக்கும் செய்தார்கள். ஒரே நாளில் ஒன்பது முறை நாற்காலி. எட்டாவது முறை உட்கார்ந்தபோது, எதற்காக அங்கே இருக்கிறோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. சிரித்தபடி என்னைப் பார்த்துக் கையசைத்தான். அன்று இரவு அழுதுவிட்டு, வேறு சிகிச்சையாளரிடம் போனோம்.

அவர் முதலில் ஒரு வாரம் எங்களைக் குறிப்பு எழுதச் சொன்னார். கோப வெடிப்பு வந்த நேரம், அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் நடந்தது, இவை மட்டும். ஏழு நாள் குறிப்பைப் பரப்பி வைத்துப் பார்த்தால், பெரும்பாலானவை மாலை நான்கு மணிக்குப் பிறகு, அதுவும் ஒரு செயலிலிருந்து இன்னொரு செயலுக்கு மாறும்போது வந்திருந்தன. மதியம் விளக்கை அணைத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா படுக்க வைத்தோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் படம் ஒட்டிய அட்டையைக் காட்டினோம்: இப்போது விளையாட்டு, அடுத்து குளியல். பாராட்டும் பயிற்சியும் தினசரி ஐந்து நிமிட விளையாட்டும் தொடர்ந்தன. வெடிப்பு வந்த பிறகு என்ன செய்வது என்று படித்ததைவிட, வராமல் தடுக்கக் கற்றுக்கொண்டதுதான் எங்கள் வீட்டை மாற்றியது. நீங்கள் செல்லப்போகும் சிகிச்சையாளரிடம், தலைக்காயம் பட்ட குழந்தைக்காக முறையில் எதையெல்லாம் மாற்றுவீர்கள் என்று முதல் நாளே கேளுங்கள். எதையும் மாற்றத் தேவையில்லை என்று பதில் வந்தால், வேறு ஒருவரைத் தேடுங்கள்.

கேள்வி கேட்ட தாய்

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. மருத்துவரிடம் இரண்டையும் சொல்லிவிட்டோம், மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுக்க நாள் குறித்திருக்கிறார், மருந்தைப் பற்றி அதன் பிறகு முடிவு செய்வதாகச் சொன்னார். சிகிச்சையின் முதல் சந்திப்புக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதுவரை சும்மா இருக்க மனமில்லாமல், தினமும் ஐந்து நிமிடம் அவனோடு தரையில் உட்கார்ந்து அவன் போக்கில் விளையாடிப் பார்க்கிறேன். நேற்றும் கட்டைக் கோபுரம்தான். "பச்சைக் கட்டையை மஞ்சள் மேல வெச்சுட்டே", "மெதுவா வைக்கிறே, அது ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஏழாவது கட்டையில் சரிந்தது. கையை ஓங்கினான், என்னைப் பார்த்தான், பிறகு கட்டையைக் கீழே வைத்துவிட்டு அழுதான். எறியவில்லை. ஒரு நாள் நடந்ததை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்று தெரியும், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒரே ஓர் ஐயம். இரண்டு வயது மகளும் இருக்கிறாள். நாங்கள் விளையாட உட்கார்ந்தாலே நடுவில் வந்து கட்டைகளைப் பிடுங்குகிறாள், உடனே சண்டை வந்துவிடுகிறது. இருவரையும் சேர்த்து உட்கார வைக்கலாமா?

மறுமொழி (குழந்தைகளுக்கான மருத்துவ உளவியலாளர்)

ஓங்கிய கையைக் கீழே இறக்கினானே, அந்த நொடியையும் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். "கோபம் வந்தும் எறியாம கீழ வெச்சியே" என்றால் போதும்; அழுதுகொண்டிருந்தாலும் காதில் விழும்.

இப்போதைக்கு இருவரையும் சேர்க்க வேண்டாம். மகள் தூங்கும் நேரத்தையோ, வீட்டில் இன்னொருவர் அவளைப் பார்த்துக்கொள்ளும் நேரத்தையோ மகனுக்கென்று ஒதுக்குங்கள். அவளுக்கும் தனியாக ஐந்து நிமிடம் கொடுங்கள்; அண்ணன் மருத்துவமனையில் இருந்த நாள்களில் அவளும் உங்களைப் பிரிந்து இருந்திருப்பாள். அவனுடைய ஐந்து நிமிடத்தை, அன்று அவன் முரண்டு பிடித்தான் என்பதற்காக ஒருபோதும் பறிக்காதீர்கள், மோசமான நாளில்தான் அது அவனுக்கு அதிகம் தேவை. கட்டையை அவன் வீசினால் மட்டும் அன்றைய விளையாட்டை அமைதியாக முடித்துக்கொண்டு, மறுநாள் அதே நேரத்துக்குத் தொடருங்கள். முதல் சந்திப்பில் ஐபெர்க் வகுத்த 36 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைத் தருவார்கள். ஒவ்வொரு நடத்தையும் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று 1 முதல் 7 வரை குறிக்க வேண்டும். நினைவிலிருந்து நிரப்பினால் கடைசியாக நடந்த சண்டைதான் முன்னால் வந்து நிற்கும். ஆகவே அந்தச் சகோதரி சொன்னபடி இன்றிலிருந்தே ஒரு நோட்டில் நேரத்தையும் அதற்கு முன் நடந்ததையும் குறித்து வைத்து, அதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.